புது கிராபிக்ஸ் கார்டு கொதிக்கிறதா? அறிகுறியைப் பார்த்துக் காரணம் கண்டுபிடிக்கும் வழி

மே மாதம் பிறந்துவிட்டால் எனக்கு வரும் போன்களில் பாதி இதைப் பற்றித்தான். ஆசையாகக் கார்டு வாங்கி மாட்டியிருப்பார்கள். அன்று ராத்திரியே திரையின் மூலையில் வெப்ப அளவை ஓடவிட்டுக் கேம் ஆடியிருப்பார்கள். எண் எண்பதைத் தாண்டியதும் தூக்கம் போயிருக்கும். மறுநாள் காலையில், “அண்ணே, கார்டு போச்சாண்ணே?”

மதுரையில் சிஸ்டம் அசெம்பிள் செய்து தரும் வேலையில் பத்து வருடத்துக்கு மேலாக இருக்கிறேன். இப்படி வந்த புகார்களில் கார்டே பழுதாக இருந்தவை கொஞ்சம்தான். மற்றவற்றில் குற்றம் கேபினெட்டின் மேல், அதை வைத்த இடத்தின் மேல், ரூமின் மேல் அல்லது கேமின் செட்டிங் மேல் இருந்தது. ஆனால் அந்தக் கொஞ்சத்தில் உங்களுடையதும் ஒன்று என்றால், கடைக்காரர் மாற்றிக் கொடுக்கும் நாட்களுக்குள் தெரிந்துகொள்வது நல்லது. அதனால்தான் செலவில்லாத சோதனைகளை முதலிலும், காசு கேட்கும் வேலைகளைக் கடைசியிலும் வைத்து எழுதுகிறேன்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். புதுக் கார்டின் ஸ்குரூவைக் கழற்றாதீர்கள். சிப்பின் சூட்டைக் கடத்தப் பூசும் தெர்மல் பேஸ்ட்டை மாற்றும் வீடியோக்கள் நிறைய இருக்கின்றன, பார்க்க எளிதாகவும் இருக்கும். அவை பெரும்பாலும் இரண்டு மூன்று வருடம் ஓடிய கார்டுகளுக்கானவை. புதுக் கார்டில் ஸ்குரூ மேல் ஒட்டியிருக்கும் சின்ன ஸ்டிக்கர் கிழிந்தால், சர்வீஸ் சென்டரில் முதல் பேச்சே அதைப் பற்றித்தான் இருக்கும்.

## எதையும் தொடும் முன்: எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்

“85 காட்டுது” என்று மட்டும் சொன்னால் என்னால் ஒன்றும் சொல்ல முடியாது. கார்டின் எண்களைக் காட்டும் சாஃப்ட்வேர்களான ஜிபியு-இசட் அல்லது எச்டபிள்யூ இன்ஃபோ, இரண்டில் ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள், இரண்டுமே இலவசம். வழக்கமாக ஆடும் கேமை அரை மணி நேரம் ஓடவிட்டு இவற்றைக் குறியுங்கள்: ரூமின் வெப்பம், கார்டின் வெப்பம், ஹாட்ஸ்பாட் (சிப்பில் மிகச் சூடான புள்ளி) வெப்பம், ஃபேன் எத்தனை சதவீதம் சுற்றுகிறது, கார்டு எத்தனை வாட் இழுக்கிறது.

இதில் எல்லோரும் விட்டுவிடுவது ரூம் வெப்பத்தைத்தான். வெளிநாட்டு ரிவ்யூவில் அந்தக் கார்டு 70 டிகிரிதான் காட்டியது என்பார்கள். அவர்கள் சோதிப்பது 20 முதல் 25 டிகிரி உள்ள ரூமில். நம் ஊர் மொட்டைமாடிக்குக் கீழ் இருக்கும் ரூமில் மே மாதம் மத்தியானம் 36 இருக்கும். ரூம் ஒரு டிகிரி ஏறினால் கார்டும் ஏறக்குறைய ஒரு டிகிரி ஏறும். அங்கே 70 காட்டிய கார்டு இங்கே 82 காட்டினால் அது சரியாகத்தான் வேலை செய்கிறது. சுவரில் மாட்டும் சாதாரண தெர்மாமீட்டர் போதும். அதைக் கேபினெட்டின் முன்பக்கம், காற்று உள்ளே போகும் இடத்துக்கு அருகில் வைத்துப் பாருங்கள்.

எல்லை எது என்றால், தயாரிப்பாளரே சொல்லியிருக்கிறார். என்விடியா தன் தளத்தில் ஆர்டிஎக்ஸ் 3060-க்கு அதிகபட்ச வெப்பம் 93 டிகிரி என்றும், ஆர்டிஎக்ஸ் 4060-க்கு 90 என்றும் போட்டிருக்கிறது. ஏஎம்டி கார்டுகளில் ஹாட்ஸ்பாட் 110 வரை போவதை அந்த நிறுவனம் வடிவமைப்புக்கு உட்பட்டது என்கிறது. அந்த எல்லையைத் தொட்டாலும் கார்டு உடனே எரிந்துவிடாது. தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதுவும் போதாவிட்டால் தானே நின்றுவிடும். அதற்காக 89-லேயே தினமும் ஓட்டலாம் என்று நான் சொல்லவில்லை. பயப்படாமல் நிதானமாகச் சோதிக்க நேரம் இருக்கிறது என்கிறேன்.

## அறிகுறி 1: சும்மா இருக்கும்போதே 50, 60 டிகிரி

ஃபேன் சுற்றவில்லையா? முதலில் இதைப் பாருங்கள். இப்போது வரும் கார்டுகள் பெரும்பாலானவற்றில் வெப்பம் 50 அல்லது 60 டிகிரியை எட்டும்வரை ஃபேன் நின்றே இருக்கும். அது பழுதில்லை, சத்தம் வராமல் இருக்க அப்படிச் செய்திருக்கிறார்கள். ஒரு கேமைத் திறந்து ஐந்து நிமிடம் விடுங்கள். எல்லா ஃபேனும் சுற்ற ஆரம்பித்தால் கவலையை விடலாம். வெப்பம் 70-ஐத் தாண்டியும் ஒரு ஃபேன் அசையாமல் நின்றால், டார்ச் அடித்து இறக்கையில் கேபிள் ஏதாவது முட்டுகிறதா என்று பாருங்கள். முட்டவில்லை என்றால் கார்டைக் கடைக்குக் கொண்டுபோங்கள்.

இரண்டு மானிட்டர் வைத்திருக்கிறீர்களா? ஒன்று 144 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 144 முறை படம் மாறுவது), இன்னொன்று பழைய 60 ஹெர்ட்ஸ் என்றால், சில கார்டுகளில் மெமரியின் வேகம் இறங்கவே இறங்காது. சும்மா இருக்கும்போதும் முழு வேகத்தில் நிற்கும். இரண்டாவது மானிட்டரின் கேபிளைக் கழற்றிவிட்டு பத்து நிமிடம் பொறுங்கள். வெப்பம் இறங்கினால் காரணம் அதுதான். வேகமான மானிட்டரை 120 ஹெர்ட்ஸுக்குக் குறைத்துப் பாருங்கள், பல நேரம் அதிலேயே சரியாகிவிடும்.

பின்னால் ஏதாவது ஓடுகிறதா? டாஸ்க் மேனேஜரில் ஜிபியு (கிராபிக்ஸ் சிப்) என்ற பத்தியை வரிசைப்படுத்திப் பாருங்கள். அசையும் வால்பேப்பர், திறந்தே கிடக்கும் கேம் லாஞ்சர், பிரவுசரில் ஓடும் வீடியோ என்று எதுவும் இருக்கலாம். எங்கிருந்தோ இறக்கிய கிராக் சாஃப்ட்வேரோடு சேர்ந்து வந்த, உங்கள் கார்டை வைத்து யாருக்கோ கிரிப்டோ காசு சேர்க்கும் மைனிங் புரோகிராமையும் இரண்டு முறை பிடித்திருக்கிறேன். இரண்டிலும் டாஸ்க் மேனேஜரைத் திறந்த நொடியில் அது ஒளிந்துகொண்டது. அதனால் வாட் கணக்கையும் பாருங்கள். ஒன்றும் செய்யாதபோது நூறு வாட் இழுக்கும் கார்டு சும்மா இருக்கவில்லை.

என்விடியா கன்ட்ரோல் பேனலில் பவர் மேனேஜ்மென்ட் எப்போதும் முழு வேகம் என்று வைக்கப்பட்டிருந்தால் அதை நார்மலுக்கு மாற்றுங்கள். வேகம் கூடும் என்று யாரோ சொல்லி மாற்றி வைத்திருப்பார்கள்.

இந்த அறிகுறிக்கு மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டிய அவசியம் அபூர்வம்.

## அறிகுறி 2: கேம் ஆடும்போது 80-ஐத் தாண்டுகிறது

அதிகமாக வருவது இதுதான். பொறுமையாக ஒவ்வொன்றாகப் போக வேண்டியதும் இதில்தான்.

### முதலில் பக்கக் கதவைத் திறந்துவிட்டு ஆடுங்கள்

கேபினெட்டின் பக்கக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, அதே கேமை அதே இடத்தில் இருபது நிமிடம் ஓடவிடுங்கள். வெப்பம் 6, 7 டிகிரி அல்லது அதற்கு மேல் இறங்கினால் உங்கள் கார்டு நன்றாக இருக்கிறது, கேபினெட்டுக்குள் காற்றுதான் போதவில்லை. இரண்டு டிகிரிகூட இறங்காவிட்டால் “கதவு திறந்தும் இறங்கவில்லை” என்ற பகுதிக்குப் போங்கள். இந்த ஒரு சோதனை எத்தனையோ பேருக்குப் பணத்தை மிச்சப்படுத்தியிருக்கிறது.

கதவைத் திறந்தே வைத்து ஓட்டலாமா என்று கேட்பார்கள். சோதனைக்கு மட்டும் திறங்கள். தினமும் திறந்து வைத்தால் தூசியும் பல்லியும் உள்ளே போகும். மதர்போர்டின் மேல் பல்லி செத்துக் கிடந்து ஷார்ட் ஆன சிஸ்டத்தை நானே சுத்தம் செய்திருக்கிறேன்.

### காற்று போதவில்லை என்றால்

வைத்த இடம். திருநகர்ப் பக்கம் ஒரு காலேஜ் பையன் வீட்டுக்குப் போனேன். கார்டு 87, ஹாட்ஸ்பாட் 99. கேபினெட் நல்ல கேபினெட், முன்னால் வலைதான். ஆனால் அது கம்ப்யூட்டர் டேபிளின் கீழே, சிபியுவுக்கென்று மூன்று பக்கமும் பலகை அடித்த பெட்டிக்குள் இருந்தது. பின்னால் சுவருக்கு இரண்டு விரல்கடை இடம்கூட இல்லை. அந்த இடைவெளியில் கையை விட்டேன். இட்லிக் குண்டானைத் திறந்ததும் முகத்தில் அடிக்குமே, அந்த மாதிரி அனல். வெளியே தள்ளிய காற்றையே கேபினெட் திரும்பத் திரும்ப இழுத்துக்கொண்டிருந்தது. வெளியே எடுத்து ஒரு மர ஸ்டூல் மேல் வைத்தோம். இருபது நிமிடத்தில் 78-க்கு வந்தது. ஒரு பைசா செலவில்லை. பின்பக்கம் சுவரிலிருந்து ஒரு சாணாவது தள்ளி வையுங்கள். மெத்தை, ஜமுக்காளத்தின் மேல் வைக்காதீர்கள். அடியிலிருக்கும் எஸ்எம்பிஎஸ்ஸுக்கும் (சிஸ்டத்துக்குக் கரண்ட் தரும் பெட்டி) மூச்சுப் போக வேண்டும்.

ஃபேனின் திசை. இதற்கு வீட்டில் இருக்கும் ஊதுபத்தி போதும். ஒன்றைக் கொளுத்தி, முன்பக்க வலையிலிருந்து நான்கு விரல் தள்ளிப் பிடியுங்கள். புகை உள்ளே இழுபட வேண்டும். பின்பக்கம் பிடித்தால் புகை வெளியே தள்ளப்பட வேண்டும். சாம்பல் உள்ளே விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு வீட்டில் முன்னால் மூன்று கலர் ஃபேன்கள் ஜொலித்துக்கொண்டிருந்தன. ஊதுபத்தியை நீட்டினால் புகை என் முகத்துக்கு வந்தது. விளக்கு வெளியே அழகாகத் தெரிய வேண்டும் என்று மூன்றையும் திருப்பி மாட்டியிருந்தார்கள். பின்னால் இருந்த ஃபேனும் வெளியேதான் தள்ளியது. உள்ளே காற்று வர வழியே இல்லை. திருப்பி மாட்டியதும் 84-லிருந்து 75. ஊதுபத்தி இல்லாமலும் தெரிந்துகொள்ளலாம்: ஃபேனில் குறுக்குச் சட்டமும் நடுவில் வட்ட மூடியும் உள்ள பக்கம்தான் காற்று வெளியேறும் பக்கம்.

கார்டுக்குக் கீழே இடம். கார்டின் ஃபேன்கள் கீழ்நோக்கிப் பார்க்கின்றன. அதற்குக் கீழ் ஸ்லாட்டில் வைஃபை கார்டு, சவுண்ட் கார்டு ஏதாவது ஒட்டிக்கொண்டிருந்தால் வேறு ஸ்லாட்டுக்கு மாற்றுங்கள். தொங்கும் கேபிள்களைப் பின்பக்கம் கொண்டுபோய் டேக் போட்டுக் கட்டுங்கள். அழகுக்காகக் கார்டை நிறுத்தி வைக்கும் ஸ்டாண்ட் போட்டிருந்தால், ஃபேனுக்கும் கண்ணாடிக்கும் நடுவே எவ்வளவு இடம் என்று பாருங்கள். இரண்டு சென்டிமீட்டர்தான் என்றால், ஸ்டாண்டைக் கழற்றிவிட்டு நேராக மாட்டிப் பாருங்கள்.

பழைய கேபினெட், புதுக் கார்டு. ஐந்து வருடத் தூசி முன் ஃபில்டரில் கம்பளி மாதிரி படிந்திருக்கும். கழற்றித் தண்ணீரில் கழுவி, நன்றாகக் காய வைத்து மாட்டுங்கள். புளோயர் அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும்.

முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி உள்ள கேபினெட். இங்கேதான் எனக்கு வருத்தம் வரும். நம் கடைகளில் பட்ஜெட் சிஸ்டத்துக்கு அதிகம் விற்பது இதுதான். கண்ணாடிக்குப் பின்னால் மூன்று ஃபேன் இருந்தாலும், பக்கவாட்டில் ஒரு சின்ன இடுக்கு வழியாகத்தான் காற்று வர முடியும். 220 வாட் கார்டு என்றால் ஏறக்குறைய நான்கு பழைய 60 வாட் குண்டு பல்புகளைப் பெட்டிக்குள் எரியவிட்ட சூடு. அது போக வழி வேண்டாமா? முன்கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒரு முறை சோதியுங்கள். நன்றாக இறங்கினால், காசு இருக்கும்போது வலைமுகப்புக் கேபினெட்டுக்கு மாறுங்கள். அதுவரை பின்பக்கம் காலியாக இருக்கும் இடத்தில் ஒரு 120 மில்லிமீட்டர் ஃபேன் போடுங்கள், சில நூறு ரூபாயில் முடியும்.

பிராசஸருக்கு வாட்டர் கூலர் போட்டு, அதன் ரேடியேட்டரை முன்னால் மாட்டியிருந்தால், கார்டுக்குக் கிடைப்பது ஏற்கெனவே சூடான காற்று. மேலே இடம் இருந்தால் மேலே மாற்றுங்கள்.

### கதவு திறந்தும் இறங்கவில்லை என்றால்

எஃப்பிஎஸ், அதாவது நொடிக்கு எத்தனை பிரேம் (படம்), எவ்வளவு ஓடுகிறது? 60 ஹெர்ட்ஸ் மானிட்டரில் கார்டு 240 பிரேம் வரைந்துகொண்டிருக்கும். நான்கில் மூன்று பங்கு உங்கள் கண்ணுக்கு வரவே வராது, சூடு மட்டும் வரும். சில கேம்களில் ஆட ஆரம்பிப்பதற்கு முன் வரும் மெனுவிலேயே பிரேம் நூற்றுக்கணக்கில் போகும். என்விடியா கன்ட்ரோல் பேனலிலோ ஏஎம்டி அட்ரினலினிலோ மானிட்டரின் அளவுக்குப் பிரேமைக் கட்டி வையுங்கள். இது ஒன்றிலேயே 10 டிகிரி இறங்கியதைப் பார்த்திருக்கிறேன்.

ஃபேன் எத்தனை சதவீதம்? கார்டு 83, ஃபேன் 45 சதவீதம் என்றால் கார்டு சத்தத்தைக் குறைக்கப் பார்க்கிறது, அவ்வளவுதான். பெரும்பாலான என்விடியா கார்டுகள் 83, 84 டிகிரியைக் குறியாக வைத்துத் தங்களைத் தாங்களே சமாளித்துக்கொள்ளும். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற சாஃப்ட்வேர் எந்தக் கம்பெனிக் கார்டுக்கும் வேலை செய்யும். அதில் ஃபேன் வேகத்தைக் காட்டும் வளைகோட்டை 70 டிகிரியில் 65 சதவீதம், 80-ல் 85 சதவீதம் என்று இழுத்து வையுங்கள். சத்தம் கூடும். ஹெட்போன் போட்டு ஆடுகிறவர்களுக்கு அது பெரிய விஷயமில்லை.

பவர் லிமிட். இதே ஆஃப்டர்பர்னரில் பவர் லிமிட்டை 100-லிருந்து 80-க்குக் கொண்டுவாருங்கள். எஃப்பிஎஸ் குறைவது சில சதவீதம்தான், வெப்பம் அதைவிட நன்றாகவே இறங்கும். கோடை மூன்று மாதத்துக்கு என் சொந்த சிஸ்டத்தில் இதைத்தான் செய்கிறேன். மழை ஆரம்பித்ததும் திரும்ப ஏற்றிவிடுவேன். இதனால் வாரண்டிக்கு ஒன்றும் ஆகாது, கார்டுக்கும் நல்லது. வோல்டேஜைக் குறைக்கும் அண்டர்வோல்ட் முறை இதைவிட நல்ல பலன் தரும், ஆனால் நிதானமாகச் சோதித்துச் சோதித்துச் செய்ய வேண்டும். முதல் வாரத்திலேயே அதில் இறங்க வேண்டாம்.

இவ்வளவும் செய்து, ரூம் 30-க்குக் கீழ், ஃபேன் 90 சதவீதத்துக்கு மேல், கதவும் திறந்திருக்கிறது, அப்படியும் கார்டு 85-க்கு மேல் நிற்கிறது என்றால் இனி நீங்கள் செய்ய ஒன்றும் இல்லை. கார்டைத் திருப்பிக் கொடுக்கும் வேலையைப் பாருங்கள்.

## அறிகுறி 3: கார்டின் வெப்பம் சரி, ஹாட்ஸ்பாட் மட்டும் 100-ஐத் தாண்டுகிறது

கார்டே பழுதா என்று கேட்டால் நான் முதலில் பார்ப்பது இந்த இடைவெளியைத்தான். ரூம் சூடானால் இரண்டு எண்ணும் சேர்ந்து ஏறும். கேபினெட் புழுங்கினாலும் சேர்ந்தே ஏறும். நடுவே உள்ள வித்தியாசம் விரிகிறது என்றால் சிப்பும் அதன் சூட்டை இழுக்கும் உலோகப் பகுதியான ஹீட்சிங்கும் சரியாக ஒட்டவில்லை என்று அர்த்தம்.

என் அனுபவத்தில் 10 முதல் 15 டிகிரி வித்தியாசம் சாதாரணம். ஏஎம்டியில் 20 வரைகூடப் பார்க்கலாம். 25-ஐத் தாண்டினால் ஒரு வாரம் குறித்து வையுங்கள், ஏறிக்கொண்டே போகிறதா என்று. புதுக் கார்டில் 30 அல்லது அதற்கு மேல் என்றால் காத்திருக்காதீர்கள், மாற்றச் சொல்லிக் கேளுங்கள். “போகப் போகச் சரியாயிடும்” என்று கடையில் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். எனக்குத் தெரிந்து அது போகப் போக மோசமாகத்தான் ஆகியிருக்கிறது.

ஒரு சோதனை செய்யலாம். சிஸ்டத்தை ஆஃப் செய்து, கேபினெட்டை மெதுவாகப் படுக்க வையுங்கள், மதர்போர்டு உள்ள பக்கம் தரையிலும் கண்ணாடிப் பக்கம் மேலேயும் வரும் மாதிரி. கார்டு இப்போது நிமிர்ந்து நிற்கும். கார்டு கனமாக இருந்தால் கவனம். அதே கேமை ஓட்டுங்கள். ஹாட்ஸ்பாட் பத்து டிகிரிக்கு மேல் மாறினால், உள்ளே தண்ணீர் ஆவியாகிச் சூட்டைக் கடத்தும் ஹீட்பைப்பிலோ (குழாய்) வேப்பர் சேம்பரிலோ (தட்டு) கோளாறு இருக்கலாம். இது கற்பனையில்லை. 2022 டிசம்பரில் வந்த ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 7900 எக்ஸ்டிஎக்ஸ் கார்டில், ஏஎம்டியே வடிவமைத்த மாடலில் சிலவற்றுக்கு ஹாட்ஸ்பாட் 110-க்குப் போய் நின்றது. கார்டைப் படுக்கையாகவும் நிமிர்த்தியும் மாட்டிச் சோதித்தவர்கள் வித்தியாசத்தைக் காட்டினார்கள். ஒரு தொகுதிக் கார்டுகளின் வேப்பர் சேம்பருக்குள் தண்ணீர் போதிய அளவு இல்லை என்று 2023 ஜனவரியில் ஏஎம்டி ஒப்புக்கொண்டது. வாங்கியவர்கள் எவ்வளவு ஃபேன் போட்டிருந்தாலும் அது சரியாகியிருக்காது. பெரிய கம்பெனிக் கார்டு, புதுசு, அதனால் பழுதாக இருக்காது என்று நினைத்துவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

ஆர்டிஎக்ஸ் 50 வரிசைக் கார்டு வாங்கியவர்கள் ஹாட்ஸ்பாட் எண்ணைத் தேட வேண்டாம், அதில் காட்டுவதில்லை. அவர்கள் ஃபேனை 100 சதவீதத்தில் சுற்றவிட்டு, வாட்டையும் வெப்பத்தையும் பார்க்க வேண்டும். முழு ஃபேனிலும் வெப்பம் இறங்க மறுத்தால் சந்தேகப்படலாம்.

சில கார்டுகளில் மெமரி வெப்பமும் தனியாகத் தெரியும். ஆர்டிஎக்ஸ் 3080, 3090 போன்ற ஜிடிடிஆர்6எக்ஸ் மெமரி உள்ளவற்றில் 90-க்கு மேல் பார்ப்பது சகஜம். 110-ஐ ஒட்டினால் கார்டு தானே வேகத்தைக் குறைக்கும். புதுசிலேயே அந்த அளவுக்குப் போனால் மெமரியின் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேட் சரியாக உட்காரவில்லை என்று சொல்லி வாரண்டி கேளுங்கள்.

## அறிகுறி 4: பத்து நிமிடம் நன்றாக ஓடி, அப்புறம் எஃப்பிஎஸ் விழுகிறது

ஜிபியு-இசட்டில் சென்சார் பக்கத்தில் பெர்ஃப்கேப் ரீசன் என்று ஒரு வரி இருக்கும். அதில் தெர்மல் என்று வந்தால் சூடுதான் காரணம், அறிகுறி 2-க்குப் போங்கள். பவர் என்று வந்தால் கார்டு தன் வாட் எல்லையைத் தொட்டிருக்கிறது, அது இயல்பு. சூடும் இல்லை, கார்டு பாதி வேலைதான் செய்கிறது என்றால் பிராசஸரின் வெப்பத்தைப் பாருங்கள். புதுக் கார்டு தள்ளும் சூட்டில் பழைய பிராசஸர் கூலர் திணறிப்போவதை அடிக்கடி பார்க்கிறேன். பழி கார்டின் மேல் விழும்.

## அறிகுறி 5: கேம் நடுவே திரை கறுக்கிறது, சிஸ்டம் ரீஸ்டார்ட் ஆகிறது

எல்லோரும் சூடு என்றுதான் நினைப்பார்கள். எச்டபிள்யூ இன்ஃபோவில் லாக் (எண்களின் பதிவு) எழுத வைத்து, நின்ற பிறகு கடைசி வரியைப் பாருங்கள். அதில் 74 டிகிரி என்று இருந்தால் சூடு காரணமில்லை.

- பவர் கேபிள். ஒரே கேபிளில் இரண்டு தலை உள்ளதைக் கார்டின் இரண்டு 8 பின்னுக்கும் கொடுத்திருந்தால், எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து தனித்தனிக் கேபிளாக இழுங்கள். கிளிக் சத்தம் வரும்வரை அழுத்துங்கள்.
- யுபிஎஸ். நம் வீடுகளில் இருப்பது பெரும்பாலும் 600 விஏ யுபிஎஸ். அது தருவது 360 வாட் அளவுதான். பழைய கார்டுக்குப் போதும். புதுக் கார்டு, பிராசஸர், மானிட்டர் மூன்றும் சேர்ந்தால் அதை முட்டும். கரண்ட் இருக்கும்வரை தெரியாது. ஒரு நொடி கரண்ட் போய் வந்தால் சிஸ்டமும் சேர்ந்து போகும். ஒரு நாள் யுபிஎஸ் இல்லாமல் நேராகச் செருகிச் சோதியுங்கள்.
- டிரைவர், அதாவது கார்டை விண்டோஸ் இயக்க உதவும் சாஃப்ட்வேர். பழையதைச் சுத்தமாக நீக்கிவிட்டுப் புதிதாகப் போடுங்கள்.
- எஸ்எம்பிஎஸ். மேலே சொன்ன எதுவும் இல்லையென்றால் நண்பரிடம் வேறு எஸ்எம்பிஎஸ் வாங்கி மாட்டிப் பாருங்கள். பெயர் தெரியாத, 500 வாட் என்று ஸ்டிக்கர் மட்டும் ஒட்டிய எஸ்எம்பிஎஸ்ஸை நம்பி முப்பதாயிரம் ரூபாய்க் கார்டை மாட்டாதீர்கள். தயவுசெய்து இதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

எஸ்எம்பிஎஸ்ஸைப் பிரித்துப் பார்க்கும் வேலை வீட்டில் வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெப்பாசிட்டரில் அடிக்கும் அளவுக்கு மின்சாரம் தேங்கியிருக்கும்.

## அறிகுறி 6: ஃபேன் திடீரென்று இரைகிறது, அடங்குகிறது, மறுபடி இரைகிறது

கார்டின் வெப்பம் ஃபேன் கிளம்பும் எல்லையிலேயே ஏறி இறங்கிக்கொண்டிருந்தால் இப்படி நடக்கும். ஆஃப்டர்பர்னரில் ஃபேன் நிற்காமல் 30 சதவீதத்திலேயே சுற்றும்படி வைத்துவிடுங்கள், அடங்கிவிடும். டக் டக் என்று தட்டும் சத்தம் கேபிள் முட்டுவது. கரகர சத்தம் ஃபேன் பேரிங், புதுசில் வந்தால் வாரண்டி. ஈ ரீங்கரிப்பது போன்ற மெல்லிய சத்தம் கார்டிலுள்ள காயிலிலிருந்து (கம்பிச் சுருள்) வருவது. அதற்கும் சூட்டுக்கும் சம்பந்தமில்லை.

## அறிகுறி 7: கருகிய வாசனை

இங்கே சோதனை எதுவும் கிடையாது. சுவிட்சை அணையுங்கள், பிளக்கைப் பிடுங்குங்கள்.

முதல் ஓரிரு நாள் புது பிளாஸ்டிக் வாசனை லேசாக வரலாம். பிளாஸ்டிக் உருகும் காரமான வாடை வேறு, மூக்குக்கே வித்தியாசம் தெரியும். சிஸ்டம் ஆறியதும் டார்ச் அடித்துப் பவர் கனெக்டரைப் பாருங்கள். பின் பழுப்பாகவோ, முனை இளகியோ இருந்தால் திரும்ப ஆன் செய்யக் கூடாது, “ஒரே ஒரு தடவை” என்றுகூட. 2022 அக்டோபரில் ஆர்டிஎக்ஸ் 4090 வந்த புதிதில் அதன் 16 பின் கனெக்டர் உருகிய படங்கள் உலகம் முழுக்க வந்தன. கேபிள் முழுதாக உள்ளே போகாததை ஒரு முக்கியக் காரணமாக என்விடியா சொன்னது. அடுத்த வருடமே அந்தக் கனெக்டரைத் திருத்தி வடிவமைத்தார்கள். உங்கள் கார்டில் அந்தச் சின்ன 16 பின் கனெக்டர் இருந்தால், கேபிள் விளிம்பு வரை இடைவெளி இல்லாமல் உட்கார்ந்திருக்கிறதா, கனெக்டர் பக்கத்திலேயே மடக்கிக் கண்ணாடியோடு நெருக்கி வைத்திருக்கிறதா என்று இன்றைக்கே பார்த்துவிடுங்கள்.

## கடைக்கோ சர்வீஸ் சென்டருக்கோ போகும்போது

வாயால் “சூடாகுது” என்று சொன்னால், ஏசி ரூமில் ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்த்து நன்றாக இருக்கிறது என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். எனக்கே இரண்டு முறை அப்படி நடந்தது. அதனால் அரை மணி நேர லாக் ஃபைல், கதவு திறந்தபோது எடுத்த ஸ்கிரீன்ஷாட், தெர்மாமீட்டரும் திரையும் சேர்ந்து தெரியும் ஒரு போட்டோ, இவற்றைப் போனில் வைத்துக்கொள்ளுங்கள். ஹாட்ஸ்பாட் இடைவெளி எவ்வளவு என்பதை ஒரு தாளில் எழுதிக் கார்டு பெட்டிக்குள் போடுங்கள். பில்லில் இருக்கும் சீரியல் நம்பரும் கார்டின் பின்பக்க ஸ்டிக்கரில் உள்ளதும் ஒன்றுதானா என்று கிளம்பும் முன் பாருங்கள். வெளிநாட்டிலிருந்து உறவினர் வாங்கி வந்த கார்டு என்றால் அந்தக் கம்பெனியின் வாரண்டி இங்கே செல்லுமா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள், பல நேரம் செல்லாது.

கார்டைக் கழற்றும்போது அதைக் கேபினெட்டோடு பிடித்திருக்கும் பின்பக்க ஸ்குரூ இரண்டையும் எடுத்துவிட்டு, ஸ்லாட்டின் முனையில் இருக்கும் சின்னக் கிளிப்பை அழுத்திக்கொண்டு நேராக மேலே இழுங்கள். கிளிப்பை மறந்து இழுத்து ஸ்லாட்டையே பெயர்த்துக்கொண்டு வந்தவர்கள் உண்டு, அதற்கு வாரண்டி கிடையாது. பிறகு அது வந்த சில்வர் கவரிலேயே போட்டு, பெட்டியின் ஃபோமுக்குள் வைத்துக் கொண்டுபோங்கள்.